ஆலயத் தொண்டர் படை ஆபத்திலும் துணை நிற்கட்டும்

மலைநாட்டின் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் குடியேறிய காலத்தில், லயத்து வீடுகளுக்கு அருகே முதலில் எழுந்தது பெரும்பாலும் ஒரு மாரியம்மன் சந்நிதிதான். மாரி என்னும் சொல்லுக்கே மழை என்பது பொருள். மழை கொட்டினால் பால் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. மழை பொய்த்தால் கிணற்றில் நீர் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அளவோடு பெய்யச் செய்யும்படி அன்னையிடம் வேண்டிக் கொண்டே அம்மக்கள் வாழ்ந்தார்கள்.

இன்று தோட்டங்கள் பல தாமான்களாகி விட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் விலை குறைவாகக் கிடைத்த இடங்களில் வீடு வாங்கினார்கள். அவ்விடங்களில் பல ஆற்றோரத்துப் பள்ளங்களாகவும் பழைய சதுப்பு நிலங்களாகவும் அமைந்து விட்டன. ஆலயமும் நம்மோடு அங்கே வந்து சேர்ந்தது. ஆகவே மழை வெள்ளம் என்பது இன்று கிழக்குக் கரை மாநிலத்தாரின் கவலை மட்டுமன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் குடும்பங்களின் கவலையும் ஆகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்தை எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 18ஆம் தேதியன்று கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலம் 25ஆம் பிரிவிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. மாடி அறைகளிலும் கூரைகளிலும் ஏறி நின்று குடும்பங்கள் உதவிக்குக் காத்திருந்தன. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வெள்ளங்களால் ஏற்பட்ட இழப்பை 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. அதே தாமான் 1995ஆம் ஆண்டிலும் பெருவெள்ளத்தைக் கண்ட இடம் என்பதை அங்குள்ள மூத்தவர்கள் நன்கு அறிவார்கள்.

அந்நாள்களில் முதலில் வந்து கை கொடுத்தவர்கள் யார்? படகு வைத்திருந்த அண்டை அயலார். லாரி வைத்திருந்த சிறு வியாபாரிகள். கயிறும் மிதவையும் சுமந்து வந்த இளைஞர்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள சீக்கியர் குருத்துவாரா ஆயிரக்கணக்கானோருக்கு உணவு சமைத்து அனுப்பியதை நாடே பாராட்டியது. சூராவ்களும் தேவாலயங்களும் நம் ஆலயங்கள் பலவும் தத்தம் சமையற்கூடங்களைத் திறந்து விட்டன. அரசாங்கப் படைகள் தம் கடமையைச் செய்யவில்லை என்று கூறுவது என் நோக்கமன்று. ஒரே இரவில் நூறு இடங்களில் நீர் ஏறும்போது எந்தப் படையும் நூறு இடங்களிலும் ஒரே நேரத்தில் நிற்க இயலாது. முதல் சில மணி நேரம் அந்தந்த வட்டாரத்து மக்களின் கையில்தான் இருக்கிறது. அம்மக்கள் பயிற்சி பெற்றவர்களா, இல்லையா என்பதே உயிர்ச் சேதத்தின் அளவை முடிவு செய்கிறது.

திருவிழாவே ஒரு பயிற்சிக் களம்

ஆடித் திருவிழாவை நடத்திய எந்த ஆலயக் குழுவும் தன் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இரண்டாயிரம் பேருக்கு அன்னதானம் சமைப்பது, பால்குட வரிசையை ஒழுங்குபடுத்துவது, கூட்டத்தில் காணாமற் போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது, மின்சாரம் தடைப்பட்டால் ஜெனரேட்டரை இயக்குவது ஆகிய அனைத்தையும் நம் தொண்டர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். பேரிடர்க் காலத்தில் ஒரு நிவாரண மையத்துக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய இவைதாம். வேறுபாடு என்னவெனில், திருவிழா என்று வரும் என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வெள்ளம் என்று வரும் என்பது இல்லை.

அதனால்தான் ஆடி மாதத்தையும் ஐப்பசி மாதத்தையும் இணைத்துப் பார்க்கும்படி ஆலயத் தலைவர்களைக் கேட்டுக் கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை பொதுவாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். ஆடித் திருவிழா முடிந்து தொண்டர்களின் உற்சாகம் ஆறுவதற்கு முன்பு நமக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் கிடைக்கின்றன. திருவிழா முடிந்ததும் கலைந்து போகும் இளைஞர்களை அந்த மூன்று மாதங்களும் சேர்த்து வைத்தால், ஆலயத்துக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. கையில் பொறுப்பில்லாத இளைஞன் எங்கே போகிறான் என்பதை நம் சமூகம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது.

தலைவர்களுக்கே முதல் பாடம்

பயிற்சி என்றதும் இளைஞர்களை வரிசையில் நிறுத்துவதையே நாம் நினைக்கிறோம். என் கருத்தில் முதலில் அமர வேண்டியவர்கள் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஆவர். நள்ளிரவு 2 மணிக்கு நீர் ஏறினால் மண்டபத்தைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? சாவி யார் யாரிடம் உள்ளது? அன்னதான அரிசியை நிவாரணத்துக்கு எடுக்க யாருடைய ஒப்புதல் வேண்டும்? இவற்றை வெள்ளத்தன்று கூட்டம் போட்டு விவாதிக்க முடியாது. சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற எந்த ஆலயமும் தன் செயற்குழுவில் முன்கூட்டியே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மூவரிடம் சாவியும் மூவருக்கு அதிகாரமும் கொடுத்து வைக்கலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும். மண்டபம் திறக்கப்பட்டால் பல இனத்தாரும் பல சமயத்தாரும் வருவார்கள். சேறு படிந்த காலோடு வருவார்கள். தீட்டுக் காலத்திலுள்ள பெண்களும், அண்மையில் வீட்டில் துக்கம் நேர்ந்தவர்களும் வருவார்கள். ஆசாரம் கெடுமே என்று தயங்கும் பெரியவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆலயத்தின் தூய்மை நம் அனைவருக்கும் முக்கியம். ஆயினும் கருவறை வேறு, மண்டபம் வேறு. மண்டபத்துக்குத் தனி வழியும் தனிக் கழிவறையும் இருக்குமாயின் சந்நிதிக்கு எவ்விதக் குறையும் நேராது. அர்ச்சகரையும் அமர்த்தி இதைப் பேசி, எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் வாசலில் நின்று வாதிடும் நிலை வராது. ஈரத் துணியோடு கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் ஒரு தாயின் முன்னால் நடக்கக் கூடாத வாதம் அது.

அடுத்து மண்டபத்தின் கொள்ளளவு. ‘எங்கள் மண்டபத்தில் ஐந்நூறு பேர் சாப்பிடலாம்’ என்று நாம் பெருமையோடு கூறுவதுண்டு. சாப்பிடுவது வேறு, படுத்து உறங்குவது வேறு. நிவாரணப் பணிக்கென உலக அளவில் ஏற்றுக் கொள்ளப்பட்ட அளவுகோலின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும். நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிவறை வேண்டும். 60 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்ட மண்டபத்தை எடுத்துக் கொள்வோம். அதன் பரப்பு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 63 பேருக்குத்தான் இடம். அவர்களுக்கு நாள்தோறும் 945 லிட்டர் நீரும் நான்கு கழிவறைகளும் தேவை. ஐந்நூறு எங்கே, அறுபத்து மூன்று எங்கே! இந்தக் கணக்கை ஒவ்வோர் ஆலயமும் தன் மண்டபத்துக்குப் போட்டுப் பார்த்து, அந்த எண்ணிக்கையை மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவித்து வைக்க வேண்டும்.

மாவட்ட அலுவலகம் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பேரிடர் நிர்வாகத்துக்குத் தெளிவான ஒழுங்குமுறை இருக்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பின்னரே சிறப்பு மீட்புப் படை அமைக்கப்பட்டது. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தனது 20ஆம் எண் ஆணையை வெளியிட்டது. 2015இல் நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் உருவாயிற்று. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரியே பேரிடர்க் குழுவின் தலைவர். நிவாரண மையங்களைச் சமூக நலத்துறை கவனிக்கிறது. ஆலயம் தன்னிச்சையாக இயங்காமல் இந்த அமைப்போடு சேர்ந்து இயங்கினால்தான் அனுப்பும் உணவு தேவைப்படும் இடத்துக்குப் போகும். ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வேன்களில் சோற்றுப் பொட்டலம் போய்ச் சேர, அடுத்த கம்பத்தில் குழந்தைகள் பட்டினி கிடந்த நிலையை நிவாரணப் பணியில் ஈடுபட்ட பலரும் கண்டிருப்பார்கள்.

இளைஞர்கள் கற்க வேண்டியவை

இளைஞர்களுக்கான பயிற்சியைப் பேச்சாளர்களைக் கொண்டு நடத்துவதைவிட, அத்துறையில் பணிபுரிவோரைக் கொண்டு நடத்துவதே பயன் தரும். தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை, செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகியவை பொதுமக்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன. முறையாகக் கடிதம் எழுதி அழைக்கும் வேலை மட்டுமே நம்முடையது.

தீ பற்றிய பாடம் ஆலயத்துக்கு மிக நெருக்கமானது. கற்பூரம், எண்ணெய், நெய், துணிப் பந்தல், தற்காலிக மின்கம்பிகள் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கூடும் நிகழ்ச்சி நம் திருவிழாவைத் தவிர வேறொன்று இராது. 1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி 48 பக்தர்கள் உயிரிழந்தனர். தீயோடு நெரிசலும் சேர்ந்து கொண்ட துயரம் அது. யாகசாலைக்கு எத்தனை வாசல், அவ்வாசல்களில் நாற்காலி அடுக்கப்பட்டுள்ளதா என்பதைப் பூர்ணாகுதிக்கு முன் ஓர் இளைஞன் நடந்து பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால் நீர் ஊற்றக் கூடாது என்பதையும், தீயணைக்கும் உருளையின் ஊசியை எவ்வாறு இழுப்பது என்பதையும் அவன் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும். சுவரில் தொங்கும் உருளையை ஒருமுறைகூடத் தொட்டுப் பாராத தொண்டர்கள் எத்தனை பேர்!

ஒரு திருவிழா மேடையில் போர்த்தப்படும் பொன்னாடைகளின் விலைக்கு இரண்டு தீயணைக்கும் உருளைகளாவது வாங்கலாம். இதை எழுதிய காரணத்தால் இவ்வாண்டு எனக்குப் பொன்னாடை கிடைக்காமற் போகலாம், பரவாயில்லை.

தீமிதித் திருவிழா நடத்தும் ஆலயங்களில் தீப்புண் முதலுதவி தெரிந்தவர்கள் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். தீப்புண்ணை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதல் உதவி. பற்பசை, கிச்சாப், ஐஸ் ஆகியவற்றைப் பூசுவதும் வைப்பதும் புண்ணை மோசமாக்கும். பூக்குழியின் முடிவில் பால் குழி வைப்பது நம் மரபு. அதை எவரும் மாற்றச் சொல்லவில்லை. அதற்கு அப்பால் ஒரு தண்ணீர்க் குழாயையும் வைத்துவிட்டால் மரபும் காக்கப்படும், பக்தரின் பாதமும் காக்கப்படும்.

கூட்ட நெரிசலைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் சரிந்து 32 பேர் இறந்தனர். திருவிழாவுக்குச் செல்லும் கூட்டம் அங்கே அளவுக்கு மீறி நெருக்கியிருந்தது. 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகக் குளத்தருகே ஏறத்தாழ ஐம்பது பேர் நெரிசலில் மாண்டனர். 2011இல் சபரிமலைப் புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்விடங்களில் பக்திக்கு எவ்விதக் குறைவும் இல்லை. ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நிற்கும்போது மனிதன் தன் விருப்பப்படி நகரும் ஆற்றலை இழக்கிறான். கூட்டமே அவனைத் தள்ளிச் செல்கிறது. முன்னால் இருப்பவர்களின் துன்பம் பின்னால் தள்ளுவோருக்குத் தெரிவதில்லை. ஆகவே தொண்டர் நிற்க வேண்டிய இடம் சந்நிதி வாசல் மட்டுமன்று. வரிசையின் வாலிலும் ஒருவர் நின்று, முன்னே வழி அடைபட்டால் பின்னே வருவோரை நிறுத்த வேண்டும். இருவருக்கும் இடையில் வாக்கி டாக்கி தொடர்பு இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்த செய்தியை வாசித்தோம். இரதம் செல்லும் வழியை முந்தின நாளே உயரத்தோடு அளந்து பார்ப்பது இளைஞர் இருவருக்கு அரை நாள் வேலைதான்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, துணிச்சலைவிட நிதானத்தைக் கற்பிப்பதே கடினம். ஓடும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதனைக் கீழே தள்ளிவிடும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். நம் பிள்ளைகள் வீரத்தோடு குதித்து விடுகிறார்கள். அவர்களையும் சேர்த்து மீட்க வேண்டிய நிலை வருகிறது. நீரில் இறங்காமல் கயிறு வீசுவது, நீர் ஏறுமுன் வீட்டின் முதன்மை மின்விசையை அணைக்கச் செய்வது, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் வானிலைத் துறையின் மூன்று எச்சரிக்கைகளுக்கும் பொருள் அறிவது, வடிகால் நீர்ப்பாசனத் துறை வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தைப் பார்க்கத் தெரிவது ஆகியவை முதல் பாடங்கள். வெள்ளம் வடிந்த பின் வரும் எலிக் காய்ச்சலைப் பற்றியும் சொல்லித்தர வேண்டும். 2014ஆம் ஆண்டுக் கிளந்தான் பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்நோய் அதிகரித்தது. காலில் புண்ணோடு சேற்றில் இறங்கி வீடு கழுவும் தொண்டருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதும் ஆலயத் திருப்பணியே.

பிறர் செய்து காட்டியது

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வருமா என்று ஐயுறுவோருக்கு வங்காள தேசத்தைச் சுட்டிக் காட்டுவேன். 1970 நவம்பரில் வீசிய புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டனர். 1972இல் செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றை அந்நாடு தொடங்கியது. கிராமத்து இளைஞர்களே தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, கம்பத்தில் எச்சரிக்கைக் கொடி, மிதிவண்டி. இன்று அத்தொண்டர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். 2020இல் அம்பன் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழந்தோர் எண்ணிக்கை சில பத்துகளோடு நின்றது. நம்மைவிடப் பன்மடங்கு வறுமை நிறைந்த நாடு அது. பெண் தொண்டர்கள் சேர்ந்த பிறகே தயங்கி நின்ற தாய்மார்கள் புகலிடத்துக்கு வரத் தொடங்கினர் என்பதை நம் மகளிர் பிரிவினர் கவனிக்க வேண்டும்.

அண்டையிலுள்ள சுமத்ராவின் சிமெலூ தீவு இன்னும் வியப்பூட்டுவது. 1907இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. உயிர் பிழைத்தோர் அதை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது, மக்கள் ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேரே. அதே பேரலையில் நம் நாட்டில் 68 பேர் மாண்டனர். பாட்டிமார் சொன்ன கதை ஒரு தீவையே காத்தது. நம் தாமான்களிலும் எந்த ஆண்டு வெள்ளம் எந்தத் தெருவில் எத்தனை அடி ஏறியது என்பதை அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். சமய வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அவர்களைக் கேட்டு எழுதி வரச் செய்யலாம்.

எங்கள் ஒத்திகை

எங்கள் ஆலயத்தில் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியேற்ற ஒத்திகை நடத்துகிறோம். தெருவுக்கு இருவர் வீதம் இளைஞர்கள் சென்று, படுக்கையிலுள்ள நோயாளிகள், தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்வோர் ஆகியோரின் பட்டியலை முன்னதாகவே எடுத்து வைப்பார்கள். மணி அடித்ததும் அவர்களை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். இனிப்பும் தேநீரும் உண்டு என்பதால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வருகிறார்கள்.

ஒரு முறை எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் வர மறுத்துவிட்டார். “நீ போ தம்பி. என்னை ஆத்தா பார்த்துக்குவா” என்றார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் சற்றும் யோசிக்காமல், “ஆத்தாதான் பாட்டி எங்களை அனுப்பினா” என்றான். பாட்டி சிரித்துக் கொண்டே புறப்பட்டார். ஆனால் தம் கிளிக் கூண்டையும் தூக்கிவரச் சொன்னார். அன்று முதல் எங்கள் பட்டியலில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. வீட்டு நாயை விட்டு வர மாட்டேன் என்று நீருக்குள் நின்றுவிடுவோர் பலர் உண்டு. அவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிட மண்டபத்தின் பின்புறம் ஒரு கொட்டகை ஒதுக்குவது எளிது.

இவ்வொத்திகையில் பள்ளிப் படிப்பில் பின்தங்கிய பையன்களே பல நேரங்களில் முன்னணியில் நிற்கிறார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தச் சந்து எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அவர்களில் மூவரை இவ்வாண்டு தெருத் தலைவர்களாக நியமித்துள்ளோம். செயற்குழுக் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி உண்டு.

இவ்வாண்டுப் பயிற்சியில் பக்கத்துத் தாமான்களின் ஆலயங்களும் கலந்து கொள்ள விரும்பினால் வரவேற்கிறோம். ஆலயத்துக்கு ஐவர் போதும். அவர்களில் இருவராவது பெண்களாகவும் ஒருவராவது செயற்குழுப் பொறுப்பாளராகவும் இருக்க வேண்டும். தீயணைக்கும் பயிற்சி திறந்த வெளியில் நடைபெறும் என்பதால் பருத்தி ஆடையும் முழுக் காலணியும் அணிந்து வருதல் அவசியம். வேட்டியும் ஜிப்பாவும் அன்று மாலைப் பூசைக்கு இருக்கட்டும்.